எங்கள் வீட்டில் பல் உள்ளவர்கள்

1

எங்கள் கல்யாண நாளன்று காலையில் என் கணவரின் பற்கள் குளியலறைத் தரையில் விழுந்து இரண்டு துண்டாக உடைந்தன.

முதலில் பார்த்தவன் என் மகன் தினேஷ். நாலு வயது. பல் தேய்க்கக் குளியலறை வாசலில் காத்து நின்றான். உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகி அப்பா வெளியே வந்தார். கன்னங்கள் உள்ளே ஒட்டி, உதடுகள் வாய்க்குள் மடங்கி, மூக்கும் முகவாயும் நெருங்கிப்போன ஒரு கிழவரின் முகம், முப்பத்தாறு வயது ஆளின் தோள்மேல் இருந்தது. பிள்ளை வீறிட்டான். "இது அப்பா இல்ல! இது அப்பா இல்ல!" என்று ஓடிவந்து என் நைட்டியைப் பிடித்துக்கொண்டான்.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கவிதா, ரொட்டியைக் கடித்தபடியே தம்பியைச் சமாதானப்படுத்தினாள். "அழாத லா. அது அப்பாதான். அப்பாவுக்கு கிகி பல்சு." 'லா' மலேசியப் பேச்சில் எல்லோரும் ஒட்டிக்கொள்ளும் ஓசை. பொய்ப்பல் என்ற தமிழ்ச் சொல் அவளுக்குத் தெரியாது. மலாய்ச் சொல்தான் தெரியும். இப்போதெல்லாம் பாதிப் பேச்சு அப்படித்தான் வருகிறது.

இவர் வேலை பார்ப்பது புலாவ் செபாங் கடைத்தெருவில், ஓர் இரும்புச் சாமான் கடையில். பல்லில்லாமல் எப்படிப் போவது? முதலாளிக்கு நான்தான் போன் செய்தேன். மலாய் மொழியில் கணவனுக்கு 'சுவாமி' என்று பெயர். "சுவாமி சாயா, கிகி பாத்தா" என்றேன். என் கணவருக்குப் பல் உடைந்துவிட்டது என்று பொருள். "பெராப்பா?" என்றார் முதலாளி. எத்தனை பல் என்று கேட்கிறார். "செமுவா" என்றேன். எல்லாமே. "செமுவா?" என்று அவர் மறுபடி கேட்டார்.

பல் செய்கிறவர் புதிது தர வாரம் ஒன்று ஆகும் என்றார். ஒரு வாரமும் இவர் வாயில் கைக்குட்டையோடு கடையின் பின்கட்டில் ஆணி எடை போட்டார். மகன் அவர் பக்கத்தில் போகவே இல்லை. அவன் அலறல் என் காதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எட்டு வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் அலறியிருக்க வேண்டும். அலறவில்லை.

2

எனக்குத் துறையூர். மலேசியாவின் மலாக்கா மாநிலத்திலிருந்து மாப்பிள்ளை வருகிறார் என்றதும் எங்கள் தெருவே வீட்டுக்கு வந்துவிட்டது. இவர் தன் அக்காவோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு சிரித்தார். என் சித்தி அடுக்களைக்கு ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பல்லு வரிசையப் பாத்தியாடி? அச்சுல வார்த்து வச்ச மாதிரி இருக்கு!"

சித்தி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கல்யாணம் முடிந்து இங்கே வந்த முதல் வாரம். காலையில் பாத்திரம் கழுவ எடுத்துக்கொண்டிருந்தேன். குளியலறை அலமாரியில் ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்தது. பழைய தண்ணீர் என்று நினைத்துக் கழுவுதொட்டியில் சாய்த்தேன். கடகடவென்று ஒரு முழு வாய் வந்து விழுந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை, ரோஜா நிறத்தில் ஈறு. செத்துப்போன பெரியவர் யாருடையதையோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் என் புத்தி முதலில் போனது. பின்னால் இவர் வந்து நின்றார். கை வாயைப் பொத்தியிருந்தது.

"உங்களுக்கு என்ன வயசு?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

"இருவத்தெட்டு," என்றார் கைக்குள்ளிருந்து. சொல் நசுங்கி வந்தது.

தொட்டியிலிருந்து அவரே எடுத்துக் கழுவி மாட்டிக்கொண்ட பிறகுதான் பேச்சு தெளிவானது. இருபத்திரண்டு வயதில் எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்றாம். பிள்ளைப் பருவத்திலேயே சொத்தை. பிறகு ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. ஒவ்வொன்றாய் நோவு எடுப்பதற்குப் பதில் ஒரேயடியாய்ப் போய்விடட்டும் என்று டாக்டரும் சொன்னார், இவரும் சரி என்றார்.

"எங்க எஸ்டேட்ல நெறைய பேருக்கு இப்படித்தான். எங்க குடும்பத்து ரத்தம் அப்படி."

"கல்யாணத்துக்கு முன்னாடி சொல்ல வேண்டாமா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "சம்பளம் கேட்டாங்க, வீடு கேட்டாங்க. பல்லு சொந்தப் பல்லான்னு யாரும் கேக்கலியே."

எங்கள் ஊரில் வேப்பங்குச்சி கடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நிற்கும் அறுபது வயது மனிதர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு எழுதவும் இல்லை. சித்தி இதைப் படிக்கும்போதுதான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

3

இவருடைய அக்கா பாக்கியம் எங்களோடுதான் இருக்கிறார். ஊரில் நாத்தனார் என்போம். நான் அக்கா என்றே கூப்பிடுகிறேன். இவரைவிடப் பத்து வயது மூத்தவர். லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிறந்து, பால் மரம் சீவி, அம்மா போன பிறகு தம்பியைத் தானே வளர்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது தோட்டத்தை விட்டுத் தம்பியோடு இங்கே வந்துவிட்டார்.

அக்காவுக்கு எல்லாப் பற்களும் இருக்கின்றன. கரும்பைக் கத்தியில்லாமல் உரிப்பார். கொய்யாக்காயை விதையோடு மென்று விழுங்குவார். இவரோ அதே காயைத் தாள் கனத்துக்கு நறுக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவார். இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். குடும்ப ரத்தம் என்றால் இவருக்கு எப்படி அந்தப் பல் வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

இங்கே காலை ஆகாரத்துக்குப் பசியாறுவது என்பார்கள். "பசியாறிட்டியா?" என்று கேட்டால் சாப்பிட்டாயா என்று பொருள். எங்கள் வீட்டில் பசியாறுவது தேநீரும் அதில் தோய்த்த பிஸ்கட்டும். தேநீர் என்றால் நம் ஊர்த் தேநீர் இல்லை. டின்னிலிருந்து மஞ்சளாக, தேன் போலக் கட்டியாக வழியும் இனிப்புப் பாலை அடியில் ஊற்றி, மேலே தேயிலைச் சாயத்தை ஊற்றிக் கலக்குவார்கள். முதல் நாள் எனக்குக் குமட்டியது. பிறகு பழகிவிட்டது. பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது பல் தேய்த்தால் எனக்கு ரத்தம் வந்தது. ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

தினேஷ் பிறந்ததும் கவிதாவை அக்கா தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. நான் பச்சை உடம்போடு கைக்குழந்தையைப் பார்க்க, மூத்தவள் அத்தையின் இடுப்பிலேயே கிடந்தாள். எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

"கவிக்கு டின் பால் கரைச்சுக் குடுத்துட்டேன். பாட்டல வாயில வச்சுக்கிட்டே தூங்கிருச்சு," என்பார் அக்கா.

"சரிக்கா," என்பேன்.

எங்கள் ஊரில் டின் பால் என்றால் குழந்தைகளுக்கென்று டப்பாவில் விற்கும் பால்மாவு. வீட்டில் அந்தப் பால்மாவு டப்பாவும் இருந்தது. நான் அதை நினைத்துச் சரி என்றேன். அக்கா தேநீர்ப் பாலை நினைத்துச் சொன்னார். ஒரே சொல்லை இரண்டு பேரும் இரண்டு பொருளில் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டோம்.

4

கவிதாவுக்கு மூன்றரை வயதானபோது ஒரு காலை, மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிப் பழுப்பாக ஏதோ தெரிந்தது. சாக்லேட் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன். பல்லின் ஒரு துண்டு துணியோடு வந்துவிட்டது.

அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலை இன்னும் நினைவிருக்கிறது. பிள்ளை அழவில்லை. வலிக்கிறதா என்றதற்கு, "எப்பவும் வலிக்கும்மா," என்றாள், சாதாரணமாக.

பல் மருத்துவமனை முகப்பில் என் கடவுச்சீட்டைக் காட்டினேன். அதை முன்னும் பின்னும் புரட்டினார்கள். பிள்ளை இந்த நாட்டுக் குடிமகள், தாய் வருடா வருடம் அனுமதி புதுப்பிக்கிறவள். பல்லைத் தொடவேண்டுமானால் தகப்பன் அடையாள அட்டையோடு வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீங்கிய கன்னத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மறுபடி போனபோது நான், இவர், கைக்குழந்தையோடு அக்கா, எல்லோருமே போனோம்.

பல்லைப் பார்த்தது ஒரு மலாய்த் தாதி. இங்கே தாதியை மிஸி என்பார்கள். சின்னப் பெண், கனிவான முகம். கவிதாவின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சூசூ அப்பா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம் ஊரில் பிள்ளைகள் எதற்குச் சூசூ என்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதோடு அப்பாவை எதற்கு இழுக்கிறாள்? நான் திருதிருவென்று விழித்தேன். இவர் காதோரம் சொன்னார். மலாயில் சூசூ என்றால் பால். அப்பா என்றால் என்ன. "என்ன பால் குடுக்கறீங்கன்னு கேக்கறாங்க."

"டின் பால்னு சொல்லுங்க," என்றேன் பெருமையாக.

இவர் சொன்னார். மிஸி ஏதோ திருப்பிக் கேட்டாள். அக்கா முன்னால் வந்து, கையால் டின்னின் உயரத்தைக் காட்டி, இனிப்புப் பாலை வெந்நீரில் கரைக்கிற மாதிரி சைகையோடு மலாயில் விளக்கினார். மிஸியின் முகம் மாறியது. மெல்லிய குரலில், நிறுத்தி நிறுத்தி, நிறையப் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அக்கா தோளில் கிடந்த தினேஷை இறக்கி என் கையில் கொடுத்தார், கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்தவரைப் போல.

"என்னங்க சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல," என்றார் இவர்.

மிஸி கவிதாவின் மேல் முன்பற்களை விரலால் தொட்டு, "சாபுட்," என்றாள்.

"நல்லா சாப்பிடச் சொல்றாங்களா?"

அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னார். "புடுங்கச் சொல்றாங்க சுமதி. முன்னாடி நாலும். டின் பால்தான் காரணமாம். தூங்கறப்ப வாயிலயே நின்னு அரிச்சிருச்சாம். நாந்தான் குடுத்தேன். நாந்தான்."

பால்மாவு இல்லை, தேநீர்ப் பால் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ராத்திரி முழுக்க அந்தக் கட்டிப் பாலும் சர்க்கரையும் என் பிள்ளையின் வாயில் ஊறிக்கிடந்திருக்கின்றன.

5

நாலு பல்லையும் பிடுங்கிய இடத்தில் வைத்த பஞ்சைக் கடித்துக்கொண்டு கவிதா இவர் தோளில் தூங்கிப்போனாள். மருத்துவமனைக்கு வெளியே பஸ் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். மிஸி சொன்னவற்றை இவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாட்டில் கூடாது. தூங்கும்முன் பல் தேய்த்த பிறகு வெறும் தண்ணீர் மட்டும். நேரத்துக்கு நேரம் சோறு, இடையில் இனிப்புத் தண்ணீர் வேண்டாம். கீரை, கொய்யா, முள்ளோடு மெல்லும் சின்ன மீன். எனக்கு ரத்தம் வந்ததை இவர் சொல்ல, அதற்கும் வழி சொல்லியிருந்தாள். ஈறில் ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தக்கூடாதாம், மெதுவாக விடாமல் தேய்க்க வேண்டுமாம்.

"உங்களுக்கும் அப்படித்தான் போயிருக்குமோ?" என்று கேட்டேன்.

"இல்ல லா. எங்களுக்கு ரத்தம் அப்படி."

கோபம் என்னைப் பிடித்து ஆட்டியது. "ரத்தம்னா அக்கா பல்லு மட்டும் எப்படிங்க இரும்பாட்டம் இருக்கு? ஒரே வயித்துலதானே பொறந்தீங்க?"

 அக்கா சொன்னார்.

"எனக்கு யாரு டின் பால் குடுத்தா?"

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அம்மா இருட்டோட மரம் சீவப் போயிரும். ஆம்பளப் புள்ள, தேறணும்னு இவனுக்கு மட்டும் கடையில டின் பால் எடுக்கும். பொட்டச்சிக்கு எதுக்கு? எனக்குக் கஞ்சி, கருவாடு, வேலியோரத்து முருங்கக் கீர. நெத்திலியத் தலையோட மெல்லுவேன். இவன் குடிச்சு முடிச்ச டின்னுல தண்ணி ஊத்திக் கலக்கிக் குடிப்பேன், அதுக்கும் அடி விழும். அம்மா போனப்ப இவன் சின்னப் புள்ள. அழாம இருக்கட்டும்னு நான் இன்னும் ரெண்டு கரண்டி சேத்து ஊத்தினேன்."

என் மடியில் கிடந்த தினேஷின் சட்டையை இழுத்துவிட்டார்.

"கவி பொறந்தப்பவே நெனச்சுக்கிட்டேன் சுமதி. எனக்குக் கெடைக்காதது இந்தப் பொட்டப் புள்ளைக்காவது கெடைக்கணும்னு."

பஸ் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அது போய்விட்டது.

ஒரு வீட்டில் நல்லதையெல்லாம் வாங்கித் தின்ற பிள்ளை இருபத்திரண்டு வயதில் பல்லில்லாக் கிழவனானான். ஒன்றும் கொடுக்காமல் விட்ட பெண், மிச்சத்தையும் வேலியோரத்தையும் தின்று முழு வாயோடு நிற்கிறாள். இவர் பக்கம் திரும்பினேன். தூங்குகிற மகளின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

6

அதற்குப் பிறகு அக்கா கவிதாவுக்குச் சோறு ஊட்டவில்லை. தட்டில் போட்டு என் பக்கம் நகர்த்திவிடுவார். "நீயே குடு. என் கை வேணாம்." பாட்டில் கேட்டுப் பிள்ளை அழும்போது காதைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். ஒரு நாள் துணிப்பையோடு கிளம்பினார். லூபோக் சீனாவில், பழைய தோட்டத்தில் கூட்டாளி ஒருத்தி இருக்கிறாள், கொஞ்ச நாள் அங்கே இருக்கிறேன் என்றார். நான் தடுக்கவில்லை. போகட்டும் என்றுதான் இருந்தது. பிள்ளையின் பொக்கை வாயைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா மேல் கோபம் திரும்பி வந்தது.

அக்கா போன பிறகு வீடு எப்படி ஆகிவிட்டது என்று சொல்லத் தெரியவில்லை. இவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கவிதா பாட்டிலை மறந்துவிட்டாள், அத்தையை மறக்கவில்லை. "அத்த எங்க?" என்று காலையில் எழுந்ததும் கேட்பாள், விளையாடிக்கொண்டே கேட்பாள், சோற்றை வாயில் வைத்துக்கொண்டு கேட்பாள். கேட்டுக் கேட்டு என் கோபம் தேய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தினேஷை இவரிடம் விட்டுவிட்டுக் கவிதாவோடு பஸ் ஏறினேன்.

தோட்டத்து லயத்துக்குள் நுழையும்போதே சண்டைச் சத்தம் கேட்டது. ஒரு வீட்டு வாசலில் இளம் தாய் ஒருத்தி, இடுப்பில் குழந்தை. எதிரே அக்கா. அக்காவின் கையில் குழந்தையின் பால் பாட்டில்.

"குடு பாட்டல! யாரு வீட்டுப் புள்ளைய யாரு அழ வைக்கிறது?"

"குடுக்க மாட்டேன். இது விசம்டி!"

"பெத்தவளுக்குத் தெரியாதா? ஒரு புள்ள பெத்து வளத்திருந்தால்ல தெரியும் ஒனக்கு!"

அக்காவின் முகத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. இருந்தும் பாட்டிலை விடவில்லை. தெருவே கேட்கக் கத்தினார். "வளத்தேன்டி! ஒருத்தன வளத்தேன்! வந்து பாரு அவன, இருவத்திரண்டு வயசுல வாயில ஒரு பல்லு இல்லாம ஆக்கி வச்சேன்! அது பத்தாதுன்னு அவன் மகளையும்..."

  நான் போய் அந்தப் பெண் முன்னால் நின்று மகளிடம் சொன்னேன். "கவி, ஆ காட்டு."

கவிதா வாயைத் திறந்தாள். மேலே முன்பக்கம் வெறும் ஈறு.

"அய்யோ, என்னா இது?" என்றாள் அந்தப் பெண். சட்டென்று தன் குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். பாட்டிலை அவள் மறுபடி கேட்கவில்லை.

கவிதா அத்தையின் புடவையைப் பிடித்து ஏறப்பார்த்தாள். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"தூக்குங்கக்கா," என்றேன். "வீட்டுக்குப் போலாம்."

7

அக்கா திரும்பி வந்ததும் சமையலறையை எடுத்துக்கொண்டார். தேநீர்ப் பால் டின் வாங்குவது நின்றது. எங்கள் மூவருக்கும் பால் விடாத வரத்தேநீர், அதிலும் சர்க்கரை கொஞ்சம். இவர் முதல் மாதம் ஜெயிலில் போட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் முருங்கைக் கிளை ஒன்றை நட்டார் அக்கா. வாரச் சந்தையில் கொய்யாவும் பயற்றங்காயும் அவரே பொறுக்குவார். நெத்திலியைப் பொடித்துக் கீரையில் போடுவார். பிள்ளைகள் ராத்திரி பல் தேய்த்துவிட்டு அத்தையிடம் வாயை ஊதிக் காட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும். என் ஈறில் ரத்தம் நின்று நாளாகிறது. கீரையாலா, விடாமல் தேய்த்ததாலா, பிள்ளைப்பேறு முடிந்ததாலா, எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒரு காரியம் மட்டும் அக்கா செய்வதில்லை. கவிதா சிரித்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். மூன்றரை வருடத்துக்கு மேலாக அப்படித்தான். பால் பல்லை முன்னாடியே எடுத்துவிட்டதால் புதுப் பல் வர நாளாகலாம் என்று மிஸி சொல்லியிருந்தாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் முளைத்தது. இவளுக்கு முளைக்கவில்லை. அக்கா வெள்ளிக்கிழமை கோயிலில் என்ன வேண்டிக்கொள்கிறார் என்று நான் கேட்டதில்லை.

இவர் புதுப் பல் மாட்டிக்கொண்டு வந்து, மகனும் மெல்ல மெல்லப் பக்கத்தில் போக ஆரம்பித்த வாரத்தில், கவிதா பள்ளியிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தாள். பள்ளிக்குப் பல் பார்க்கிறவர்கள் வந்திருந்தார்களாம். மலாயில் கொட்டினாள். எனக்குப் பாதி புரியவில்லை.

"தமிழ்ல சொல்லுடி!"

"பல்லு வந்திருக்காம்! ரெண்டு! நீ பாக்கவே இல்லியா?"

நானும் தினேஷும் ஓடிப்போய் அவள் வாய்க்குள் பார்த்தோம். ஈறைக் கீறிக்கொண்டு, அரிசி முனைபோல் இரண்டு வெள்ளை விளிம்புகள். அக்கா அடுப்படியிலிருந்து வரவே இல்லை. கவிதாதான் போய்த் தலையை நிமிர்த்தி வாயைத் திறந்து நின்றாள். வேறு பக்கம் பார்க்க இடமில்லாமல் அக்கா பார்த்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு அந்த விளிம்பைத் தடவினார்.

"அரம் மாதிரி இருக்கு," என்றார். "சுமதி, அரம் மாதிரி இருக்கு."

கவிதா நறுக்கென்று கடித்துவிட்டாள்.

"ஆ! அடிப் பாவி!" அக்கா விரலை உதறிக்கொண்டு கத்தினார். பிறகு விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோலில் இரண்டு சின்னப் பள்ளங்கள். அழப்போகிறார் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்தார், செருப்பை மாட்டினார், வரிசை வீடுகளில் ஒவ்வொரு வாசலாக நின்று அந்த விரலை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்பி வந்தார்.